பழி சுமந்த பேட்டரி

இலக்கியம் பயிற்றும் ஒருவன் தமிழ்த்துறையின் சிறப்பு மலரில் பழைய கார் ஒன்றின் மின்கோளாறு பற்றி எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கக்கூடும். சங்கப் பாடல்களிலிருந்தோ சீறாப்புராணத்திலிருந்தோ ஒரு பொருளைத் தேர்ந்திருக்கலாமே என்று நண்பர்கள் கேட்கவும் கூடும். ஆயினும், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக என் நெஞ்சில் தைத்துக் கிடக்கும் ஒரு நிகழ்ச்சியை மாணவச் செல்வங்களின் முன்னும் சமுதாயப் பெரியோர் முன்னும் வைத்துவிட வேண்டும் என்ற எண்ணமே இக்கட்டுரைக்குக் காரணம். இதில் ஒரு கார் வருகிறது. ஒரு பேட்டரி வருகிறது. ஒரு மேஸ்திரி வருகிறார். குற்றவாளியாக நான் வருகிறேன்.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி செல்லும் சாலையில் அமைந்த வளவனூர் எங்கள் ஊர். அத்தா மணிலா வியாபாரம் செய்துவந்தார். எங்கள் பக்கத்துப் பேச்சில் சொல்வதானால், மல்லாட்டை வியாபாரம். சந்தைக்கும் செக்குகளுக்கும் அலைய வேண்டியிருந்ததால் 1974ஆம் ஆண்டு ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை இரண்டாங்கையாக வாங்கினார். அந்நாளில் எங்கள் தெருவில் கார் என்பது பெரும் செல்வம். ஆனால் அத்தா அதனை ஒருநாளும் செல்வமாகக் கருதியதில்லை. 'இன்னொரு மாட்டுவண்டி' என்றே சொல்லுவார்.

அந்தக் காரின் வரலாற்றைச் சிறிது கூறுவது பொருத்தமாகும். இங்கிலாந்தில் 1959ஆம் ஆண்டு வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு என்பதே அதன் மூலம். இத்தாலிய நாட்டு வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலொட்டி அதற்கு உருவம் கொடுத்தவர். சென்னையில் 1948இல் தோன்றிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம், வண்டலூர்ப் பகுதியில் இருந்த தன் தொழிற்சாலையில் 1961 முதல் அதனை உருவாக்கத் தொடங்கியது. 948 சி.சி. எஞ்சின், தனியே ஒரு சட்டகம், அதன்மேல் பூட்டப்பட்ட உடற்பகுதிகள், முன்புறமாக முழுவதும் கவிழ்ந்து திறக்கும் பானெட். கல்கத்தா அருகே உத்தரபாராவில் உருவான அம்பாசிடரும் பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்ததே என்பதை அறிவோம். எனவே, அந்நாளில் நம் சாலைகளில் ஓடிய கார்களுள் பல, பிறப்பால் இந்தியராயினும் குருதியால் ஆங்கிலேயர் எனலாம்.

இவ்வண்டிகளின் மின்னமைப்புக்கும் ஒரு குலமரபு உண்டு. பர்மிங்காமில் ஜோசஃப் லூக்காஸ் என்பார் தொடங்கிய நிறுவனமே பிரிட்டிஷ் கார்கள் பலவற்றுக்கு டைனமோ, கட்-அவுட், விளக்கு முதலியவற்றைச் செய்து தந்தது. 1961இல் சென்னைப் பாடியில் லூக்காஸ்-டி.வி.எஸ். தோன்றியது. அந்தப் பழைய மரபில் ஒவ்வொரு கம்பியின் நிறத்துக்கும் ஒரு பொருள் இருந்தது. பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேரே வரும் முதன்மை வழி. வெள்ளை, சாவியைத் திருப்பியபின் உயிர்பெறுவது. பச்சை, சாவிக்கு உட்பட்ட துணைக்கருவிகளுக்கு உரியது. நீலம் முன்விளக்குகளுக்கு; சிவப்பு பக்கவிளக்குக்கும் பின்விளக்குக்கும்; கறுப்பு எர்த். யாப்பிலக்கணம் அறிந்தவன் பாடலைக் கண்டதும் சீர் பிரிப்பதுபோல, இந்நிறங்களை அறிந்தவன் எந்த வண்டியைத் திறந்தாலும் வழி கண்டுகொள்வான்.

இன்னொரு புதுமையும் உண்டு. இன்றைய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ் முனையே இரும்பு உடலோடு பூட்டப்படுகிறது. ஆனால் 1930கள் முதல் 1960களின் பிற்பகுதிவரை பெரும்பாலான பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் முனையே உடலோடு சேர்க்கப்பட்டது. அரிமானம் குறையும் என்பதும் தீப்பொறி நன்கு அமையும் என்பதும் அக்காலத்துப் பொறியாளர் கருத்து. எங்கள் ஹெரால்டும் அப்படிப்பட்ட 'பாசிட்டிவ் எர்த்' வண்டியே. எவ்வாறாயினும் அடிப்படை ஒன்றுதான்: பேட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் கம்பி வழியே சென்று, வேலை செய்து, இரும்பு உடல் வழியே வீடு திரும்ப வேண்டும். போகும் வழிக்குக் கம்பி உண்டு. அது கண்ணுக்குத் தெரியும். திரும்பும் வழியோ வண்டியின் உடம்பேயாகும். அதனை எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. என் கதையின் முடிச்சு அந்த இடத்திலேதான் இருக்கிறது.

1979ஆம் ஆண்டு. நான் அப்போது கல்லூரியில் இயற்பியல் இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவன். தமிழ் முதுகலைக்கு நான் வந்தது பிற்பாடு. மழைக்காலம் முடிந்த சமயம் வண்டியில் ஒரு கோளாறு தலைகாட்டியது. எஞ்சின் ஓடும்போது அணைந்துவிட வேண்டிய சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. பேட்டரி ஏறவில்லை என்பதற்கு அது அடையாளம். சாலையோரத்தில் ஆட்டோ எலெக்ட்ரிகல் கடை வைத்திருந்த மேஸ்திரியிடம் அத்தா வண்டியை விட்டார். அறுபதை நெருங்கிய வயது, கதர்ச் சட்டை, காதில் எப்போதும் ஒரு பென்சில். டைனமோவை இறக்கிக் கார்பன் மாற்றினார். பேட்டரியை இரண்டு இரவுகள் தம் கடையில் வைத்து சார்ஜ் ஏற்றினார். முனைகளைத் தேய்த்துத் துடைத்து, கிரீஸ் தடவிப் பூட்டிக் கொடுத்தார்.

மறுநாள் புதன்கிழமை. அம்மாவைப் புதுச்சேரியில் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சாவியைத் திருப்பி செல்ஃபை இழுத்தேன். எஞ்சின் ஒருமுறை முனகியது, பாதி சுற்று சுற்றியது, நின்றுவிட்டது. மறுபடியும் அவ்வாறே. ஐந்து மாதமே ஆன பேட்டரி. இரண்டு இரவு சார்ஜ் ஏறி வந்த பேட்டரி! அம்மா பர்தாவைச் சரிசெய்தபடி, "பஸ்ஸிலேயே போயிடலாம்ப்பா" என்று இறங்கிவிட்டார். மங்கிய கண்களோடு அவர் பேருந்துப் படியைத் தடவி ஏறியதைக் கண்டபோது என் உள்ளத்தில் சினம் மூண்டது. சினத்தோடு ஓர் ஐயமும் பிறந்தது. பேட்டரி துடைத்து வைத்ததுபோல் வேறாகத் தோன்றியதே! நம் புதிய பேட்டரியை எடுத்துக்கொண்டு பழையது ஒன்றை மெருகேற்றி வைத்துவிட்டாரோ?

ஐயம் என்பது விதை. அதற்கு நீர் ஊற்றுவதற்கு ஒரு பேருந்துப் பயணம் போதுமானதாயிருந்தது. திரும்பி வருவதற்குள் அது உறுதியான தீர்ப்பாக வளர்ந்துவிட்டது. அம்மாவை வீட்டில் விட்டுவிட்டு நேரே கடைத்தெருவுக்குச் சென்றேன். மேஸ்திரி தேநீர்க் கடை வாசலில் நின்றிருந்தார். பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்த அவ்விடத்திலேயே, "எங்கள் புது பேட்டரியை வைத்துக்கொண்டு பழைய பேட்டரியைக் கொடுத்துவிட்டீர்களே, இது நியாயமா?" என்று கேட்டேன்.

கடைத்தெரு அமைதியாயிற்று. மேஸ்திரி கிளாசைக் கீழே வைத்தார். சினங்கொள்ளவில்லை.

"தம்பி, ஈயப் பட்டையில நம்பர் வெட்டியிருக்கும். பாத்துக்குங்க" என்றார். தேநீருக்குக் காசு வைத்துவிட்டுத் தம் கடைக்குள் சென்றுவிட்டார்.

அவர் விடை சொல்ல இயலாமல் நழுவிவிட்டார் என்றே நான் எண்ணிக்கொண்டேன். அங்கிருந்தோர் சிலரும் அவ்வாறே எண்ணியிருக்க வேண்டும்.

மாலையில் அத்தாவிடம் நடந்ததைக் கூறினேன். என் வீரத்தைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஒன்றும் பேசாமல் பேரேட்டை எடுத்தார். பேட்டரி வாங்கிய நாளின் பற்றுப் பக்கத்தைப் புரட்டினார். விலையின் அருகே, பேட்டரியின் மேலிருந்த ஈயப் பட்டையில் குத்தியிருந்த எழுத்தும் எண்ணும் அவர் கையெழுத்தில் குறிக்கப்பட்டிருந்தன. இருவரும் டார்ச் விளக்கோடு கொட்டகைக்குப் போனோம். பட்டையைத் துணியால் துடைத்துப் படித்தேன். அதே எழுத்து, அதே எண். இருமுறை படித்தேன். மாறவே இல்லை.

"கணக்கைப் பார்த்துட்டுப் பேசியிருக்கலாமே" என்றார் அத்தா. அதற்குமேல் அன்றிரவு அவர் என்னோடு பேசவில்லை. மிகுதியான சந்தேகத்தைவிட்டு விலகுமாறு பணிக்கும் மார்க்கத்தில் பிறந்தவன் நான். இறைவனுக்கு அடியான் செய்யும் குறையை அவன் நாடினால் மன்னிப்பான். மனிதனுக்கு மனிதன் இழைத்த அநீதியை அந்த மனிதன் மன்னித்தாக வேண்டும் என்று மதரசாவில் சிறுவயதிலேயே படித்தவன். படித்த பாடம் வேண்டிய வேளையில் எங்கே ஒளிந்துகொண்டதென்று தெரியவில்லை. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

வியாழன் காலை மேஸ்திரியின் கடைக்குச் சென்று தலைகுனிந்து நின்றேன். "நம்பர் சரியாக இருக்கிறது. தப்பு என்மேல்தான்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அது இருக்கட்டும் தம்பி. பேட்டரி நல்லாருந்தும் வண்டி ஏன் எடுக்கல? அதைச் சொல்லுங்க."

எனக்கு விடை தெரியவில்லை. என் மன்னிப்பைக் காட்டிலும் வண்டியின் கோளாறே அவருக்கு முதன்மையாக இருந்தது. நாலைந்து பேரைச் சேர்த்து வண்டியைத் தள்ளி எஞ்சினை எடுக்கச் செய்து, கடைவாசலுக்குக் கொண்டுவந்தேன்.

அங்கே அவர் செய்தவற்றை ஒவ்வொன்றாகக் கூறுகிறேன். கோளாறு பார்ப்பது எத்தகைய ஒழுங்கு என்பதை அன்றுதான் கண்டேன். முதலில் முன்விளக்குகளைப் போடச் சொன்னார். அவை பளிச்சென எரிந்தன. விளக்கு எரியும்போதே செல்ஃபை இழுக்கச் சொன்னார். செல்ஃப் முனகியது, விளக்கின் ஒளியோ அதிகம் குறையவில்லை. "பாத்தீங்களா? பேட்டரி செத்திருந்தா வெளக்கு சுருண்டு போயிருக்கும். பேட்டரிகிட்ட சரக்கு இருக்கு. செல்ஃபுக்குப் போய்ச் சேரல" என்றார். முதல் நாள் பட்டப்பகலில் நான் விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. ஒரு சுவிட்சை இழுத்திருந்தால் ஒரு மனிதரின் மானம் தப்பியிருக்கும்.

அடுத்து, பானெட்டைக் கவிழ்த்துத் திறந்தார். மீண்டும் செல்ஃபை இழுக்கச் சொல்லிவிட்டு, சோக் கம்பியின் உறையை விரலால் தொட்டார். உடனே கையை உதறினார். என்னையும் தொடச் சொன்னார். கம்பி சுட்டது! எஞ்சினுக்குப் பெட்ரோல் கலவையைக் கட்டுப்படுத்தும் எளிய இரும்புக் கம்பி அது. மின்சாரத்துக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. அது ஏன் சுட வேண்டும்?

"போற வழி அடைபட்டா தண்ணி வரப்புல ஏறி ஓடும்ல? அதுமாதிரிதான்" என்றார்.

பின்பு ஊசி ஓடும் பழைய வோல்ட் மீட்டர் ஒன்றை எடுத்தார். ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், மறுமுனையை எஞ்சினின் வெற்று இரும்பிலும் வைத்தார். வண்டி சும்மா நின்றபோது ஊசி பூஜ்யத்திலேயே இருந்தது. செல்ஃபை இழுத்ததும் ஊசி நான்கு வோல்ட்டுக்குத் தாவியது. எர்த் செவ்வையாக இருப்பின் அரை வோல்ட்டுக்குமேல் காட்டக்கூடாது.

பேட்டரியின் எர்த் கம்பி வண்டியின் உடலோடு பூட்டப்பட்டிருந்தது. எஞ்சினோ அதிர்வு தாங்கும் ரப்பர் மெத்தைகளின் மேல் அமர்ந்திருந்தது. ரப்பர் வழியே மின்சாரம் செல்லாது. ஆகவே எஞ்சினையும் உடலையும் இணைக்கச் செம்புக் கம்பியால் பின்னிய ஒரு பட்டை உண்டு. அந்தப் பட்டை மழைநீரும் சேறும் பட்டுப் பச்சை பூத்து, ஓரிரு இழைகளில் தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பும் வழி அற்றுப்போன மின்சாரம், சோக் கம்பியின் வழியே நெரிந்து பிதுங்கிச் சென்றதனாலேயே அது சுட்டது.

மேஸ்திரி தடித்த கம்பியொன்றை எடுத்து எஞ்சினையும் பேட்டரி முனையையும் நேரே இணைத்துப் பிடித்தார். செல்ஃபை இழுத்தேன். எஞ்சின் சீறிக்கொண்டு எழுந்தது.

இயற்பியல் மாணவனாகிய நான் ஓம் விதியை ஏட்டில் எழுதி நல்ல மதிப்பெண் பெற்றவன். கணக்கு எளியது. ஒரு முன்விளக்கு 48 வாட் என்று கொண்டால் 12 வோல்ட்டில் அதற்கு வேண்டுவது 4 ஆம்பியர். செல்ஃபுக்கோ எஞ்சினைச் சுற்ற 150 ஆம்பியர்கூடத் தேவைப்படும். இணைப்பில் 0.02 ஓம் தடை மட்டும் ஏற்பட்டதாகக் கொள்வோம். சிறு சோதனை விளக்கின் கால் ஆம்பியர் அதன் வழியே சென்றால் இழப்பு 0.005 வோல்ட், எவர் கண்ணுக்கும் தெரியாது. 150 ஆம்பியர் சென்றால் இழப்பு 3 வோல்ட். 12இல் எஞ்சுவது 9தான். ஆகவே, சுமையேற்றிப் பார்க்கும்வரை பழுதுபட்ட இணைப்பும் நல்ல இணைப்பாகவே காட்சியளிக்கும். நண்பர்களுள் யார் உற்றவர் என்பதைத் துன்ப நாளே காட்டுவதுபோல எனலாம். இவ்வளவும் என் பாடப்புத்தகத்தில் இருந்தது. என் அறிவில் இல்லை.

புதிய பட்டையைப் பூட்டும்முன் இரு முனைகளிலும் இரும்பின் துருவையும் பெயிண்டையும் வெள்ளி போல் மின்னும்வரை சுரண்டினார். பூட்டியபின் எஞ்சின் ஓடும்போது சிவப்பு விளக்கும் முற்றிலும் அணைந்தது. டைனமோவும் எஞ்சினோடு பூட்டப்பட்டதே. அதற்கும் திரும்பும் வழி அந்தப் பட்டைதான். அப்போது அவர் கூறிய சொற்களை நான் என்றும் மறவேன்.

"நானும் தப்பு பண்ணேன் தம்பி. லைட் அணையலன்னதும் டைனமோ மேல பழியப் போட்டு அவுத்துட்டேன். எர்த்தை மொதல்ல பாத்திருக்கணும். கார்பனுக்கு வாங்குன காசை அத்தாகிட்ட குடுத்துடுறேன்."

குற்றமற்றவர்மேல் பழி சுமத்திய நான் அவர் முன் நின்றுகொண்டிருக்க, குற்றமற்ற டைனமோவின்மேல் பழி சுமத்தியதற்காக அவர் வருந்திக்கொண்டிருந்தார்! அத்தா அந்தப் பணத்தை வாங்கிக்கொள்ளவில்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

"மேஸ்திரியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்" என்று அன்றிரவு அத்தாவிடம் கூறினேன். "கடைக்குள்ள கேட்டியா, தெருவுல கேட்டியா?" என்றார் அவர். பொதுவிடத்தில் பூசிய கறையைத் தனியிடத்தில் துடைத்தல் ஆகாது என்பது அவர் கருத்து. மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கடைத்தெருவில் கூட்டம் நிறைந்திருந்த வேளையில், அதே தேநீர்க் கடை வாசலில் நின்று, "மேஸ்திரி எங்கள் பேட்டரியை மாற்றவில்லை, நான் கூறியது பொய்யான குற்றச்சாட்டு, எண்ணை ஒப்பிட்டுப் பார்க்காமல் பேசிவிட்டேன்" என்று உரக்கச் சொன்னேன். கால்கள் நடுங்கின. மேஸ்திரி கூட்டத்தைப் பிளந்து வந்து என் தோளைப் பற்றி, "போதும் தம்பி, போதும்" என்றார். எனக்கும் ஒரு டீ சொன்னார்.

கதை இத்துடன் இனிதே முடிந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் புதனன்று அங்கே நின்ற பத்துப் பன்னிரண்டு பேருள் ஒருவர் லாரி உரிமையாளர். அவர் வெள்ளியன்று ஊரில் இல்லை. அதற்குப்பின் அவருடைய வண்டிகள் மேஸ்திரியின் கடைக்கு வரவே இல்லை. நானே தேடிச் சென்று விளக்கினேன். "சரி, சரி" என்றார். வண்டி மட்டும் வரவில்லை. அறுந்த எர்த் பட்டையை அரை மணி நேரத்தில் மாற்ற முடிந்தது. அறுந்த நம்பிக்கைக்கு அப்படி ஒரு பட்டையை எந்தக் கடையிலும் நான் காணவில்லை. மேஸ்திரி அதுபற்றி என்னிடம் ஒருநாளும் ஒரு சொல்லும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என் பாரம் குறைந்திருக்கும்.

பிரிட்டிஷ் கார் வைத்திருப்போரிடையே ஒரு பழைய வேடிக்கைப் பேச்சு உண்டு. லூக்காஸ் என்னும் பெயருக்கு 'இருளின் இளவரசன்' என்று பட்டம் சூட்டி, விளக்கு அணைந்தால் அந்தப் பெயரையே பழிப்பார்கள். பழைய வண்டிகளை ஓரளவு அறிந்தவன் என்ற முறையில் கூறுகிறேன்: இருட்டுக்குக் காரணமானவை பெரும்பாலும் துருவேறிய எர்த் முனையும், தளர்ந்த இணைப்பும், பிறர் இடையில் செருகிய ஒட்டுக்கம்பியுமே. ஆனால் துருவுக்குப் பெயர் இல்லை. திட்டுவதற்கு ஒரு பெயர் வேண்டும். குறையைத் தேடும் பொறுமை இல்லாதபோது நாம் ஆளைத் தேடுகிறோம். நோயையும் அதன் காரணத்தையும் அது தணியும் வழியையும் ஆராய்ந்தபின் செயற்படுமாறு மருத்துவனுக்கு வள்ளுவர் வகுத்த முறை, வண்டிக்கும் பொருந்தும், வாழ்க்கைக்கும் பொருந்தும்.

ஸ்டாண்டர்டு நிறுவனம் 1988ஆம் ஆண்டு உற்பத்தியை நிறுத்திவிட்டது. உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாகவே, மறு ஆண்டு எங்கள் ஹெரால்டையும் விற்றோம். மேஸ்திரியும் அத்தாவும் இன்று இல்லை. பின்விளக்குப் பல்பு ஒன்றில் இரண்டு கம்பிகளைப் பற்றவைத்து மேஸ்திரி எனக்குச் செய்து தந்த டெஸ்ட் லாம்ப் மட்டும் என் மேசை அறையில் இருக்கிறது.

பல ஆண்டுகளுக்குப் பின், ஒரு மாணவரின் கட்டுரை அவர் தரத்துக்கு மீறியதாக இருக்கிறது, எவரோ எழுதித் தந்திருக்கிறார் என்று வகுப்பில் ஒரு பேச்சு எழுந்தது. எனக்கும் அவ்வாறே தோன்றியது. அவரை எழுப்பிக் கேட்கச் சொல் நாவின் நுனிவரை வந்தது. மேசை அறையைத் திறந்தேன், மூடினேன். வகுப்பு முடிந்தபின் அவரைத் தனியே அழைத்து, "கட்டுரைக்குக் குறிப்பு எடுத்த நோட்டு இருந்தால் காட்டுங்கள்" என்றேன். அடித்தும் திருத்தியும் எழுதிய முப்பது பக்கங்களை அவர் பையிலிருந்து எடுத்து நீட்டினார்.